அலமாரியில் என் மகளின் பல்

என் மகளுக்கு முன்பல் எடுப்பு. என்னிடமிருந்து வந்ததுதான். நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறேன். அங்கே மாஸ்க் கட்டாயம். மற்றவர்கள் புழுக்கம் என்று திட்டுவார்கள், எனக்கு அது சௌகரியம். எட்டாவதோடு நான் படிப்பை விட்டதற்கு வீட்டில் என்னென்னவோ காரணம் சொன்னேன். வகுப்பில் ‘தேங்கா துருவி’ என்று கூப்பிட்டதை மட்டும் சொல்லவில்லை.

மகள் எட்டாவது வந்ததும் ஒரு திங்கட்கிழமை வயிற்று வலி என்று படுத்துக்கொண்டாள். செவ்வாயும் வலித்தது. புதன்கிழமைதான் வாயைத் திறந்தாள்.

“துருவின்னு கூப்புட்றாங்கம்மா. நான் இனிமே ஸ்கூலுக்குப் போவல.”

அன்றைக்கே, கும்மிடிப்பூண்டிப் பக்கம் இருக்கும் எங்கள் ஆரணியிலிருந்து திருவள்ளூர் பல் டாக்டரிடம் போக பஸ் ஏறினோம். இப்படி ஒரு பல்லை டாக்டர் பார்த்தே இருக்கமாட்டாரோ, பிடுங்கிவிடுவாரோ என்று வழியெல்லாம் கவலை. அவர் அச்சு எடுத்துக்கொண்டு, அடுத்த வாரம் கிளிப் மாட்ட வரச் சொன்னார். அந்த வாரமும் அவள் பள்ளிக்குப் போகவில்லை.

மறுபடி போனபோது, கிளினிக்கில் வேலை செய்யும் பெண் என் மகளின் அச்சை எடுக்க ஒரு அலமாரியைத் திறந்தாள். அச்சு எடுத்து வெள்ளை மாவில் வார்த்த பற்கள் வரிசை வரிசையாக இருந்தன. பெற்றவளுக்குத் தெரியாதா என்று நானே ஒன்றை எடுத்து நீட்டினேன். அவள் அடியில் எழுதியிருந்த பெயரைப் பார்த்தாள்.

“இது காலேஜ் பையனுதுக்கா.”

இன்னொன்றை எடுத்தேன்.

“இன்னாக்கா, பேங்க் ஆபீசர் பல்லப் போயி புடிச்சிக்கினு நிக்கிறீங்க! இங்க வர்றவங்கள்ல நெறைய பேருக்கு இதே எடுப்புப் பல்லுதான்.”

என் மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வழக்கம்போலக் கை வாய்க்குப் போனது. ஆனால், “தள்ளும்மா, நான் பாக்கறேன்” என்று தேட ஆரம்பித்ததும் இரண்டு கையிலும் பல். தன் பல்லை நாக்கால் தடவிப் பார்ப்பதும், மாவுப் பல்லை விரலால் தடவிப் பார்ப்பதுமாக ஒன்றைப் பிடித்துவிட்டாள். அவளுடையதேதான்.

“அந்த ஆபீசரயும் துருவின்னுதான் கூப்ட்ருப்பாங்களாம்மா?”

“கூப்ட்ருப்பாங்க.”

“அப்பவும் ஸ்கூலுக்குப் போயிக்கிறாரு பாரு.”

என் கையிலிருந்த ஆபீசர் பல்லைத் திரும்ப அலமாரியில் வைத்தேன்.

கிளிப் மாட்டிக்கொண்டு திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

“யம்மா, நாளைக்கு லஞ்சுக்குக் கடிக்கிற மாதிரி எதுவும் வெக்காத. தயிர் சாதம் போதும்.”

மதியத்துக்குள் தயிர் புளித்துவிட்டால் என்ன செய்வது என்று ஆரணி வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.