ஷூ கம்பெனி வண்டி

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்கு வெளியே, தாமல் போக பஸ் பார்த்து நிற்கிறேன். இப்போதுதான் விடிகிறது. பக்கத்தில் நீலக் கோட்டுப் பெண்கள் ஷூ கம்பெனி வண்டிக்காகக் காத்திருக்கிறார்கள். வெளிநாட்டு ஆர்டர் குறைந்துவிட்டதால் ஆட்களை நிறுத்தப் போகிறார்களாம்.

அவர்களில் ஒருத்தி, கூட நின்ற தன் தோழி டீ வாங்கப் போனதும் என் காதருகே வருகிறாள்.

"அக்கா, நான் பி.இ. முடிச்சவ. டிகிரின்னா அப்பல்லாம் ஷூ தைக்கிற லைன் வேலைக்கு எடுக்க மாட்டாங்கன்னு, ப்ளஸ் டூன்னு சொல்லி சேந்துட்டேன்."

"அதுக்கு இப்ப என்னம்மா?"

"ப்ளஸ் டூ ஆளுங்களத்தான் மொதல்ல நிறுத்தறாங்களாம். உண்மைய சொன்னா, பொய் சொல்லி வந்தவன்னு தொரத்திடுவாங்க. ராத்திரியெல்லாம் இதயே நெனச்சிக்கினு இருந்தேன்."

வண்டி வந்து நிற்கிறது. சூப்பர்வைசர் படியிலிருந்து கத்துகிறார். "டிகிரி, டிப்ளமோ மட்டும் ஏறுங்கம்மா. மத்தவங்க வீட்டுக்குப் போங்க, ஃபோன் பண்றோம்."

அவள் ஓரடி முன்னால் வைக்கிறாள். அதற்குள் தோழி டீயோடு ஓடிவந்து அவள் கையை இறுகப் பிடித்துக்கொள்கிறாள்.

"பயப்படாதடி. நீயும் நானும் ஒரே படிப்புதானே? வேற எடம் ஒண்ணாவே தேடுவோம்."

வண்டிக் கதவு இன்னும் திறந்திருக்கிறது. நான் எதையாவது சொல்லிவிடுவேனோ என்று அவள் என்னையே பார்க்கிறாள்.