ஆமெனுக்குக் காத்திருந்த சாவி

சபையாரே, இதை என் வலது கையால்தான் எழுதுகிறேன். அன்று சாவியைப் பிடித்திருந்ததும் அந்தக் கைதான்.

என் மனைவி எஸ்தருக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி அணைத் தேக்கத்துக்கு அக்கரையில் இருக்கிறது. போன ஆனி மழையில் பாலத்தின் தூண் ஒன்று சரிந்ததால் பாலத்தை மூடிவிட்டார்கள். பிறகு மலையைச் சுற்றி ஜீப்பில்தான் போக வேண்டும். மூன்றரை மணி நேரம் போக, மூன்றரை மணி நேரம் வர. குழிக்குக் குழி அவளைத் தூக்கிப் போட்டது. திரும்பி வரும் வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். ஒரு தடவை மயங்கி என் தோளில் சாய்ந்துவிட்டாள்.

அன்று வீட்டுப் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "இன்னும் நாலு தடவை வாரேன். அதுக்கு மேல அந்த ஜீப்புல ஏற மாட்டேன். போற வரைக்கும் போகட்டும். என்னைக் கட்டாயப்படுத்தாதீங்க."

இரண்டு முறை தொடர்ந்து தவறினால் பிறகு தன் கையில் எதுவும் இல்லை என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நாலு தடவை என்றால் இரண்டு வாரம்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தேயிலை எஸ்டேட்டின் லயத்து வீட்டில் பிறந்து, படித்து, தேயிலை ஃபேக்டரிகளின் கொதிகலன்களையும் இயந்திரங்களையும் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் வேலைக்கு வந்து, அதிலேயே ஓய்வு பெற்றவன். பீர்மேட்டைச் சுற்றி நான் 'பார்வையிட்டேன், சரி' என்று எழுதாமல் எந்த ஃபேக்டரியிலும் நீராவி வந்ததில்லை. வீட்டுக் குக்கரிலும் அதை எழுதி ஒட்டிவிடுவேன் என்று எஸ்தர் கேலி செய்வாள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவேன். ஆனால் ஜெபம் என்றால் எனக்கு ஓர் அபேக்ஷை மாதிரி. விவரத்தை எழுதி மேலிடத்தில் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும். ஆராதனை நடத்தும் நம் உபதேசியார் போல அதை இழுத்துக்கொண்டே போவது கோப்பை வீணாகத் தடிமனாக்கும் வேலை என்று நினைத்திருந்தேன்.

எஸ்டேட்டின் படகுக் கொட்டகையில் ஒரு ஃபைபர் படகு பதினொரு வருடமாகக் கிடந்தது. நடுவில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் பெட்ரோல் எஞ்சின். மேனேஜர் சாவியைக் கொடுத்து, "ஓடினா ஓட்டிக்கோங்க சார்" என்றார். ஓடாது என்று அவர் முகம் சொன்னது. அந்தப் படகை முன்பு ஓட்டிய முருகன் இப்போது எஸ்டேட் டிராக்டர் ஓட்டுகிறார். அவரும் நானும் இறங்கினோம்.

பல வருடம் கிடந்த எஞ்சினை எடுத்த எடுப்பில் ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, ஐந்து நாள் ஊற வைத்தேன். பிறகு கையால் சுற்றினேன். முனகிக்கொண்டே சுற்றியது. தொட்டியிலிருந்த பழைய பெட்ரோல் வார்னிஷ் போல ஆகியிருந்தது. அதை வடித்துத் தொட்டியைக் கழுவினேன். கார்புரேட்டரைச் சுத்தம் செய்தேன். தண்ணீர் பம்பின் ரப்பர், ஆயில், பேட்டரி, பெட்ரோல் குழாய் எல்லாம் புதிது. கார்புரேட்டர் கிண்ணத்தைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது மட்டும் கடையில் கிடைக்கவில்லை. விரலால் அழுத்திப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. அதையே போட்டேன். படகுக்கான அனுமதிக் காகிதங்களையும் நானே மேஜை மேஜையாக நகர்த்தி வாங்கினேன். கரையில் வைத்து மூன்று நாள் ஓட்டிப் பார்த்தோம். தாலாட்டுப் போல ஓடியது.

பதினான்கு அம்சங்கள் கொண்ட பட்டியல் ஒன்றைத் தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுப் படகில் தொங்கவிட்டேன். ஆறாவது: ப்ளோவர் விசிறியை நான்கு நிமிடம் ஓட்டி, எஞ்சின் பெட்டிக்குள் இருக்கும் காற்றை வெளியே தள்ள வேண்டும். ஏழாவது: குனிந்து முகர்ந்து, பெட்ரோல் வாடை இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. ஃபேக்டரியில் கசிந்தால் வாசல் வழியாகப் போய்விடும். படகின் அடியில் கசிந்தால் தண்ணீர் போலத் தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும்.

இங்கே நான் மறைத்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கொரோனா எனக்கு வந்து போனபோது என் மூக்கையும் எடுத்துக்கொண்டு போனது. பால் கருகினாலும் எனக்குத் தெரியாது. எஸ்தரைத் தவிர யாருக்கும் நான் அதைச் சொன்னதில்லை. ஆனாலும் ஏழாவது அம்சத்தில் ஒவ்வொரு நாளும் குனிந்தேன், மூச்சை இழுத்தேன், 'சரி' என்று குறித்தேன். பழக்கம்.

எஸ்தர் சொன்ன நாலு தடவையும் வெள்ளியோடு முடிந்திருந்தன. திங்கட்கிழமை மாலை மழை இருட்டிக்கொண்டு வந்தது. படகைப் படுதாவால் மூடினோம். ப்ளோவரின் காற்றுக் குழாய்க்கு இரண்டு வாய். சாரல் உள்ளே போகாமல் இருக்க இரண்டிலும் சாக்குத் துண்டைச் சுருட்டித் திணித்தேன். எங்கள் மலையில் இது கை தானாகச் செய்கிற வேலை. ஜன்னல் இடுக்கு, கதவடி, ஓட்டுச் சந்து, எங்கே துவாரம் கண்டாலும் சாக்கைத் திணித்துத்தான் நாங்கள் பனிமஞ்சிலிருந்து பிழைத்தோம்.

அப்புறம் கரையில் நின்று ஜெபித்தேன். "ஆண்டவரே, எல்லாம் பார்த்தாகிவிட்டது. எதையாவது விட்டிருந்தால் தெரியப்படுத்தவும். இப்படிக்கு" என்று என் பெயரையும் சொன்னேன். சிரிக்காதீர்கள். உண்மையாகவே அப்படித்தான் ஜெபித்தேன்.

செவ்வாய் காலை மழை விட்டிருந்தது. முருகன் தேங்காயும் சூடமும் கொண்டுவந்தார். "பதினொரு வருஷம் கழிச்சு இறக்குறோம் சார். ஒரே ஒரு சூடம்."

"பெட்ரோல் எஞ்சினுக்குப் பக்கத்துல சூடமா? முருகா, நாம ரெண்டு பேரும் நேரா சாமிகிட்டயே போய்ச் சேர்ந்துருவோம்."

அவர் சூடத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தேங்காயை மட்டும் கரையில் உடைத்தார். படுதாவை விலக்கி, படகைத் தண்ணீரில் இறக்கிக் கரையோரம் கட்டினோம். உபதேசியார் படகின் முனையில் வந்து நின்றார்.

"உபதேசியாரே, ரெண்டு நிமிஷ ஜெபம் போதும். பதினொரு மணிக்கு இவ மெஷின்ல படுக்கணும்."

"ஆண்டவர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன், ஐயா."

முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது பயணிகள் யாரும் படகில் இருக்கக் கூடாது. அது என் பட்டியலிலேயே இருந்தது. ஆனால் எஸ்தர் ஒருமுறை ஏறுவதே பெரும்பாடு. கரையில் ஓட்டியது முதல் தடவை ஆகிவிட்டது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு அவளை ஏற்றினேன். உட்கார வசதியாக இருந்தது எஞ்சின் பெட்டியின் மேல்பலகைதான். அங்கேயே உட்கார வைத்தேன்.

பெட்ரோல் திருகைத் திறந்தேன். ப்ளோவரைப் போட்டேன். அது இரைந்தது. நான்கு நிமிடம், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

"ஏங்க, ஏதோ வாடை அடிக்குது."

"உனக்குக் காபியே இரும்பு வாடை அடிக்குது" என்றேன். அது உண்மைதான். நோய் வந்ததிலிருந்து அவளுக்கு எல்லாமே வாடைதான். ஆறு சரி. குனிந்தேன். ஏழு சரி. ப்ளோவரை நிறுத்தினேன்.

உபதேசியார் ஆரம்பித்தார். உலகத்தைப் படைத்ததிலிருந்து ஆரம்பித்தார். நோவா பேழைக்குள் போனார். செங்கடல் பிளந்தது. நான் கண்ணை மூடினேன், ஆனால் கை சாவியில் இருந்தது. ஆமென் என்றதும் திருப்பத் தயாராக. பேதுரு படகைவிட்டு இறங்கித் தண்ணீர்மேல் நடக்கத் தொடங்கியபோது ஏழு நிமிடம் ஆகியிருக்கும். என் பல் நறநறத்தது.

நம் சபையில் ஜெபத்தின் நடுவே யாரும் வாய் திறப்பதில்லை. குழந்தை அழுதால்கூட வெளியே தூக்கிக்கொண்டு போவோம். எஸ்தர் எழுந்து நின்றாள்.

"ஐயா, மன்னிச்சுக்கோங்க. ஜெபத்தை நிறுத்துங்க. பெட்ரோல் வாடை. வாய் வரைக்கும் வருது."

"எஸ்தர், உட்காரு. நான் பார்த்தாச்சு."

"உங்களுக்குத்தான் மூக்கே இல்லையே!"

எல்லார் முன்னாலும் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. என் கை சாவியை இன்னும் இறுகப் பிடித்தது. உபதேசியார் பெட்டிக்கு அருகே வந்து மூச்சை இழுத்தார். "அம்மா சொல்றது சரி, ஐயா" என்றார் மெதுவாக.

அந்த அமைதியில்தான் எனக்குக் கேட்டது. சொட்டு. சற்று இடைவெளி. இன்னொரு சொட்டு.

என் விரல்கள் சாவியைவிட்டு வர மறுத்தன. ஒவ்வொன்றாக எடுத்தேன். முருகன் எஸ்தரை அப்படியே தூக்கி இறக்கினார். உபதேசியாரையும் இறங்கச் சொன்னேன். எந்தச் சுவிட்சையும், பேட்டரி வயரையும்கூடத் தொடக் கூடாது. பெட்ரோல் திருகை மட்டும் மூடினேன். பெட்டியைத் திறந்தேன். அடியில் தேங்கிய தண்ணீரின்மேல் வானவில் நிறத்தில் பெட்ரோல் படர்ந்திருந்தது. நான் 'நன்றாகத்தான் இருந்தது' என்ற பழைய வளையம் புதுப் பெட்ரோலில் ஊதிப் பிதுங்கி நின்றது. காற்றுக் குழாயின் வாய்களைப் பார்த்தேன். இரண்டிலும் என் சாக்குத் துண்டு அப்படியே இருந்தது. நான்கு நிமிடம் இரைந்த ப்ளோவர் ஒரு மூச்சுக் காற்றைக்கூட வெளியே தள்ளவில்லை.

கரைக்கு வந்து ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அவள் அந்தப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவளை அங்கே உட்கார வைத்தது நான். சரி, சரி என்று குறித்ததும் நான். உபதேசியார் நான் கேட்டபடி இரண்டு நிமிடத்தில் முடித்திருந்தால் நான் சாவியைத் திருப்பியிருப்பேன்.

முருகன் பையிலிருந்து சூடத்தை எடுத்துக் காட்டினார். "இதை வேண்டாம்னீங்க சார். உங்க சாவி மட்டும் என்ன, சந்தனமா?"

'எதையாவது விட்டிருந்தால் தெரியப்படுத்தவும்' என்று நானே முந்தின நாள் அதே இடத்தில் நின்று கேட்டிருந்தேன். பதில் இரண்டு தடவை வந்தது. முதல் தடவை காபியைச் சொல்லி மடக்கினேன். இரண்டாவது தடவை உட்காரச் சொன்னேன். அபேக்ஷையை வாங்கிக்கொண்டவர் என் பக்கத்திலேயே ஆளை உட்கார வைத்துப் பதில் சொல்லியிருக்கிறார். நான்தான் பதில் கடிதத்தை எதிர்பார்த்திருந்தேன்.

"முருகா, ஜீப்பைக் கூப்பிடுங்க" என்றாள் எஸ்தர்.

நான் நிமிர்ந்தேன். "நாலு தடவைதான்னு சொன்னியே?"

"இது அஞ்சாவது. நான்தான் சொல்றேன். இப்படி ஒரு சாவுல இருந்து இறக்கி விட்ட ஆண்டவரு, ஜீப்புல சாகவா இறக்கி விட்டாரு? பேசாம வாங்க."

ஆஸ்பத்திரிக்கு மூன்று மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். நர்ஸ் திட்டிக்கொண்டே படுக்கை கொடுத்தார். நான் வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். அம்மா இறந்தபோதுகூட நான் அப்படி அழவில்லை.

எஸ்தர் இன்னும் மூன்று முறை ஜீப்பில் வந்தாள், முணுமுணுக்காமல். எர்ணாகுளத்திலிருந்து புது வளையம் வந்தது. எஞ்சினில் இருந்த பழைய ரப்பர் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. படகைத் துடைத்து, நாள் கணக்கில் திறந்து போட்டு, முதலில் நானும் முருகனும் மட்டும் அக்கரைக்குப் போய் வந்தோம். இப்போது எஸ்தர் இருபது நிமிடத்தில் அக்கரை சேர்கிறாள், மடியில் முறுக்குப் பொட்டலத்தோடு. உயிர்காப்புச் சட்டையின் ஆரஞ்சு நிறம்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

பட்டியலை மாற்றித் தட்டச்சு செய்தேன். ஆறாவதற்கு முன்னால்: சாக்கை எடுத்தாயா? ஏழாவது: எஸ்தர் கரையில் நின்றபடி குனிந்து, திறந்த பெட்டியை முகர்ந்து சரி சொல்ல வேண்டும். அவள் வராத நாட்களில் முருகன். நான் அல்ல.

அன்பானவர்களே, உங்களிடமும் ஒரு பட்டியல் இருக்கும். அதில் உங்களால் முடியாத ஏதோ ஒன்றுக்கு நேரே நீங்களே 'சரி' போட்டு வைத்திருப்பீர்கள். அதை இன்றைக்கே ஆண்டவரிடம் சொல்லிவிடுங்கள். என்னைப் போல மொட்டையாகக் கேட்டாலும் அவர் கேட்பார். பதில் யார் வாயிலிருந்து வருகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்களை உட்காரச் சொல்லிவிடாதீர்கள்.

உபதேசியார் இன்னும் செவ்வாய்க்கிழமைகளில் கரைக்கு வருகிறார். இன்னும் படைப்பிலிருந்துதான் ஆரம்பிக்கிறார். நான் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. சாவி எஸ்தரின் மடியில் இருக்கிறது. ஆமென் சொன்ன பிறகுதான் அது என் கைக்கு வரும்.