பெல்லிங்டன் பண்ணையின் வெள்ளிக் கரண்டி

டீலியா ஹெனகனுக்கு எழுபத்தோரு வயது. பன்றி வளர்த்தாள், உருளைக்கிழங்கு போட்டாள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாரிடமும் எதற்கும் போய் நின்றதில்லை. அப்படிப்பட்டவள் வீட்டு அலமாரியில் பெல்லிங்டன் பண்ணை கொடுத்த வெள்ளிக் கரண்டி ஒன்று கிடந்தது. அவளுக்கு அதைக் கண்டாலே ஆகாது. அம்மா சனிக்கிழமைதோறும் சாம்பல் போட்டுத் துலக்கியது என்பதால் எறியாமல் வைத்திருந்தாள்.

அந்தக் காலத்தில் ஊர் நிலமெல்லாம் வைத்திருந்த பெல்லிங்டன் துரைக்கு நரி வேட்டை என்றால் உயிர். வேட்டைநாய்க் குட்டிகளைக் குடியானவர் வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவார். வருஷம் முழுக்க வளர்த்துத் திருப்பித் தர வேண்டும். முடியாது என்றவன் அந்த நிலத்தில் நிலைக்க மாட்டான். கொழுத்த குட்டிக்கு வெள்ளிக் கரண்டி பரிசு. நாய்க்கு வந்த வாழ்வைப் பாருங்கள்.

டீலியாவின் ஒன்பதாம் வயதில் அவர்கள் வீட்டுக்கு ட்ரம்மர் என்ற குட்டி வந்தது. பனிக்காலம். இருந்த ஒரே பசுவும் மடி வற்றி ஒரு குவளைதான் கறந்தது. அது குட்டிக்கு. இரண்டு வயதுத் தம்பிக்குக் கிழங்கு வெந்த தண்ணீர். பண்ணைக் காரியக்காரன் வாராவாரம் வந்து குட்டியின் விலாவைத் தடவிப் பார்ப்பான். பக்கத்தில் கிடந்த பிள்ளையின் விலா அவன் கண்ணில் பட்டதே இல்லை. ஒருநாள் தம்பி, நடக்கத் தெம்பில்லாமல் தவழ்ந்துபோய், நாய்ச் சட்டியில் வாய் வைத்தான். வாசலில் காரியக்காரனின் குதிரை வந்து நின்றது. டீலியா தம்பியின் காதைப் பிடித்து இழுத்து அப்பால் தள்ளினாள்.

பிப்ரவரியில் கக்குவான் வந்து அவன் போய்விட்டான். கோடையில் அம்மா நல்ல சால்வையைப் போர்த்திக்கொண்டு போய், துரைசானி முன் முழங்கால் மடக்கிக் கரண்டியை வாங்கி வந்தாள்.

இப்போது துரை இருந்த பெரிய வீட்டில் பண்ணையின் பழைய சாமான்களுக்குக் கண்காட்சியாம். பெல்லிங்டன் பேத்தி லண்டனிலிருந்து வருகிறாளாம். எவன் பாட்டனின் கூரையை அந்த வீட்டார் பிடுங்கிப் போட்டு வெளியே துரத்தினார்களோ, அவன் வீட்டில் அவளுக்குக் கேக் வேகிறது. டீலியாவுக்குக் காறித் துப்பலாம் போலிருந்தது.

கரண்டி கேட்டுப் பள்ளிக்கூட வாத்தியார் லூக் கேரவன் வந்தார். அதன் பக்கத்தில் வைக்க ஒரு அட்டையும் எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

"என்ன எழுதியிருக்கீங்க வாத்தியாரே, படிங்க."

"'பெல்லிங்டன் குடும்பம் தன் குடிகள்மேல் வைத்திருந்த அன்புக்கு அடையாளம்.' நல்லாத்தானே இருக்கு, டீலியாக்கா?"

"என் தம்பி வாயிலேருந்து பாலைப் பிடுங்கி நாய்க்கு ஊத்தின அடையாளம். நானேதான் ஊத்தினேன். அதை எழுதுங்க."

"விருந்தாளி வர்ற நேரத்துல அது எதுக்குக்கா? பழசைக் கிளறினா நாறத்தான் செய்யும்."

"நாறட்டும். அந்த நாய் பேரு தெரியுமா?"

"ட்ரம்மர். தெரியாதவன் யாரு? பதினேழு நரி பிடிச்சதாச்சே."

"என் தம்பி பேரு?"

வாத்தியார் தொப்பியைக் கையில் உருட்டினார். இதே ஊரில் பிறந்தவர்; அந்தப் பிள்ளை கிடக்கும் இடுகாட்டைத் தினமும் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகிறார்.

"கோல்மன். அவன் கதையோட அந்தப் பேரையும் எழுதினா கரண்டி வரும். இல்லேன்னா வராது."

"கண்காட்சிக் கமிட்டியைக் கேட்டுச் சொல்றேன்க்கா" என்று கிளம்பிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சியைத் திறந்தார்கள். கரண்டிக்கு ஒதுக்கியிருந்த கண்ணாடிப் பெட்டியில் ட்ரம்மரின் படத்தை வைத்திருந்தார்கள்.