விராலுக்குத் தெரிந்த சிவப்பு

என் கணவருக்குக் காசநோய் தணிந்துகொண்டு வந்த நேரத்தில்தான் அவர் கண்ணிலிருந்து சிவப்பும் பச்சையும் போயின. அவர் சாப்பிட்ட மாத்திரைகளில் ஒன்று சிலருக்குக் கண் நரம்பைப் பாதிக்குமாம். உடனே அதை நிறுத்தினார்கள். சில பேருக்குத் திரும்பி வரும் என்றார் கண் டாக்டர். காத்திருந்தோம்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மை யூனிட்டில் வர்ணம் தீட்டுவது அவர் வேலை. ஒருநாள் பலகை நிறைய இருந்த கிளிகளுக்கு உடம்பெல்லாம் சிவப்பும் மூக்கில் பச்சையும் பூசி வைத்துவிட்டார். முதலாளி திட்டவில்லை. "கொஞ்ச நாளு பேக்கிங் பாருங்கண்ணே" என்றார். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை என்று வீட்டுக்கு வந்து சொன்னார். அதன்பின் பொம்மைகளை வைக்கோலில் சுற்றி அடுக்குவதுதான் வேலை.

நோய் வருவதற்கு முன் ஞாயிறானால் எங்கள் ஊரை அடுத்தே இருக்கும் மங்களூர் கிராமத்து ஏரிக்குப் போய்விடுவார். ரப்பர் தவளையைத் தூண்டிலில் மாட்டி வீசி விரால் பிடிப்பார். வெளிநாட்டில் பாஸ் என்று ஒரு மீன் இருக்கிறதாம், விரால் மாதிரியே பாய்ந்து கவ்வுமாம். அதற்குச் சிவப்பும் பச்சையும் நன்றாகப் பிரிந்து தெரியுமாம். கறுப்பும் கருநீலமும்தான் குழம்புமாம். போனில் வீடியோ பார்த்துவிட்டு எனக்கும் விளக்குவார். நான் பாதி கேட்பேன், பாதி கேட்க மாட்டேன்.

இந்த ஆடியில் ஒரு ஞாயிறன்று நானே கூப்பிட்டேன். "கலரு நான் சொல்றேங்க. நீங்க வீசுனா போதும்."

என் ஸ்கூட்டியில் போனோம். கரையில் பெட்டியைத் திறந்து வைத்தார். எல்லாத் தவளைகளும் அவருக்குச் சாம்பலும் பழுப்புமாகத்தான் தெரிந்தன.

"தண்ணி எப்படி இருக்குது?"

"டீ மாதிரி கலங்கி இருக்குது. ஓரத்துல பாசி."

"அப்போ கருப்ப எடு. கலங்குன தண்ணில கருப்போட நெழலுதான் அதுக்குத் தெரியும்." நான் எடுத்துக் கொடுத்த தவளையை விரலில் உருட்டிக்கொண்டே சொன்னார்: "அந்த மீனே பிரிச்சிப் பாக்கற செவப்பும் பச்சையும் எனக்குத் தெரியலயே."

நான் பெட்டியை மூடி வைத்தேன்.

மூன்றாவது வீச்சிலேயே தண்ணீர் வெடித்தது. கை நீளத்துக்கு ஒரு விரால். பல மாதங்களுக்குப் பிறகு அவர் சிரித்தார். தூண்டில் முள் செவுள்வரை இறங்கி ரத்தம் வந்துகொண்டிருந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"ஏங்க, அது இருந்த எடத்துல செவப்பா என்னமோ கலையுது" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. "செவப்பாவா? பொடிப்பொடியாவா?"

"ஆமாங்க. குங்குமத்தக் கொட்டுன மாதிரி. நீங்க வீசறப்பவே இருந்துச்சி."

"குஞ்சும்மா அது. விரால் குஞ்சு. தாய் கீழயே காவல் இருக்கும். அந்தச் செவப்பப் பாத்தா நான் தூண்டிலே போட மாட்டேன். நீ ஏன் சொல்லல?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? தூண்டில் கலரத்தான நீங்க கேட்டீங்க."

அவர் முள்ளைக் கழற்றி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, இரண்டு கையாலும் மீனைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தார். விட்டதும் அது வயிற்றைக் காட்டி மிதந்தது. திரும்பப் பிடித்தார், திரும்ப விட்டார். நாலைந்து முறையும் அப்படியேதான் மிதந்தது. அதற்குள் குஞ்சுகளைத் தின்ன ஜிலேபி மீன்கள் வந்து சேர்ந்தன. சிவப்பு ஒவ்வொரு பக்கமாகக் குறைந்தது.

"இன்னும் இருக்குதா?" என்று தண்ணீரில் நின்றபடியே கேட்டார்.

"இருக்குதுங்க" என்றேன்.

"எங்க?"

கையை நீட்டிக் காட்டினேன். நான் காட்டிய இடத்தையே வெகுநேரம் உற்றுப் பார்த்தார். நான் காட்டிய இடத்தில் அப்போது எதுவுமே இல்லை.

அடுத்த மாதம் டாக்டர் எழுத்துப் பலகையையும் வண்ணப் புள்ளிப் படங்களையும் காட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு நாளில் வராதது இனி வருவது கஷ்டம் என்றார். பஸ்ஸில் வரும்போது இவர் ஜன்னல் பக்கம்கூட உட்காரவில்லை.

இப்போதும் பேக்கிங்குக்குப் போகிறார், வருகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். தூங்கவில்லை என்று தெரியும். நான் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டு எங்கே போகச் சொல்வது?