மூன்று மிதியில் நின்ற கார்

நிவேந்திரனும் அவன் மனைவி ஷாந்தினியும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் இரண்டு காரில்தான் போவார்கள். ஒரே வீட்டிலிருந்து, ஒரே மண்டபத்துக்கு. அவள் தன் சின்ன மைவி காரில் முன்னால் போய் இறங்கி, பந்தியில் பாதி சாப்பிட்ட பிறகு இவன் தன் பழைய காரில் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்வான். குருபோங் தாமான் குடியிருப்பில் இருக்கிற சொந்தக்காரர்கள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பார்களா? இருவருக்கும் ஆகவில்லையாம், கோர்ட்டு வரைக்கும் போய்விட்டதாம் என்று ஆரம்பித்தார்கள். ஷாந்தினியின் சித்தி இந்திராதேவி அவளைத் தனியே கூப்பிட்டு, வேண்டுமானால் தான் வந்து மாப்பிள்ளையிடம் பேசிப் பார்ப்பதாகக்கூடச் சொன்னார்.

சண்டையெல்லாம் ஒன்றுமில்லை. எல்லாம் அந்தக் கார் செய்த வேலை.

நிவேந்திரன் தோட்டத்தில் பிறந்து, குருபோங் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டச் சேர்ந்து, இன்றைக்கு மேற்பார்வையாளர். குடி இல்லை, சீட்டு இல்லை. இருந்த ஒரே கெட்ட பழக்கம் நான்கு சக்கரத்தில், வெளிர்பச்சை நிறத்தில், வீட்டு வாசலில் நின்றது. அவன் பிறப்பதற்கு முன்பே ஓடத் தொடங்கிய இங்கிலாந்துக் கார். அதில் ஒரு திருகாணியைக்கூட மாற்றியதில்லை என்பதில் அவனுக்கு அப்படியொரு பெருமை. பழைய கார்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவன் படம் போட்டால் ‘ஒரிஜினல்’ என்று எல்லோரும் கை தட்டுவார்கள். பாவம், அந்தக் கைதட்டலில் மனிதன் மயங்கிக் கிடந்தான்.

அந்த ஒரிஜினலின் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். முதல் மிதிக்கு பிரேக் காதில் வாங்கிக்கொள்ளும். இரண்டாவது மிதிக்கு யோசிக்கும். மூன்றாவது மிதியை எழுந்து நின்று மிதித்தால் கார் நிற்கும். எண்ணெய் விஷயம் அதைவிட மோசம். பெட்ரோலை இழுக்கும் பம்பு சூடான என்ஜினோடு ஒட்டிக்கொண்டிருந்ததால், வெயிலில் நெரிசலில் மாட்டினால் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். கார் அப்படியே உட்கார்ந்துவிடும்.

ஒரு திருவிழா நாளில், கோயிலுக்குப் போகிற வழியில், சரியாக உச்சி வெயிலில் அது உட்கார்ந்தது. பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமாக ஷாந்தினி இறங்கித் தள்ளினாள். அவள் வேலை செய்யும் கிளினிக்கின் தாதிகள் இருவர் பக்கத்துக் காரிலிருந்து அதைப் படம் பிடித்தார்கள். அன்று சாயங்காலம் அவள் வாடிய பூவை எடுத்து வைத்தாள். பிறகு ஒரேயொரு தடவை பேசினாள்.

“நிக்கச் சொன்னா ஓடுது, ஓடச் சொன்னா நிக்குது. இனிமே இந்தக் காடில நான் ஏற மாட்டேங்க.”

அன்றிலிருந்துதான் இரண்டு கார். முதலில் நிவேந்திரன் வீராப்பாகத்தான் இருந்தான். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்யாணத்திலிருந்து திரும்பும்போது, முன்னால் போகும் மைவியையே பார்த்துக்கொண்டு வந்தவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பெண்டாட்டியை இடது பக்கம் உட்கார வைத்துக்கொண்டு கடலோரமாக ஒரு சுற்று போகத்தானே இந்தக் காரையே வாங்கினான்! மறுநாளே சிம்பாங் அம்பாட்டில் பட்டறை வைத்திருக்கும் முனியாண்டியிடம் காரைக் கொண்டுபோய் நிறுத்தினான்.

முனியாண்டி ஜப்பானிலிருந்து உதிரிபாகத்துக்காகப் பாதியாக வெட்டி வந்த ஒரு காரிலிருந்து டிஸ்க் பிரேக்கைக் கழற்றி முன் சக்கரங்களுக்குப் பொருத்தினார். மிதிக்கும் பலத்தைப் பெருக்கித் தரும் பூஸ்டர் ஒன்றையும் வைத்தார். பெட்ரோலுக்கு மின்சாரப் பம்பு வாங்கி, டாங்கிக்குப் பக்கத்தில், சூடு அண்டாத இடத்தில் மாட்டினார். பழைய பிரேக்கைக் கழற்றும்போது, பிள்ளைக்குக் காது குத்துவதைப் பார்க்க முடியாத தகப்பனைப் போல நிவேந்திரன் வெளியே போய் நின்றுகொண்டான். செய்தி தெரிந்ததும் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று போட்டார்.

வேலை முடிந்ததும் ஓட்டிப் பார்க்க அவனுக்குக் கால் துறுதுறுத்தது. முனியாண்டி விடவில்லை. தான் நன்றாக ஓட்டிப் பார்த்துவிட்டதாகவும், பூஜை போட்டபின் சொந்தக்காரன் முதல் தடவை எடுக்கும்போது வீட்டம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். நிவேந்திரன் மனைவியிடம் கெஞ்சினான், கூத்தாடினான். கடலோரக் கோலா சுங்கை பாருவில் ஈக்கான் பக்கார் என்கிற சுட்ட மீன் வாங்கித் தருவதாகச் சொன்ன பிறகுதான் ஷாந்தினி இறங்கி வந்தாள். இந்த ஒரு தடவைதான், ஏதாவது ஆனால் ஆயுசுக்கும் கேட்கக் கூடாது என்பது அவள் போட்ட கட்டளை.

நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். தேங்காய், வாழைப்பழம், விபூதி, குங்குமத்தோடு பூஜைத் தட்டு ஷாந்தினியின் மடிக்கு வந்தது. கீழே வைக்கக் கூடாது, மடியிலேயே போக வேண்டும் என்றார் முனியாண்டி. சிம்பாங் அம்பாட் சந்திப்பில், கொளுத்தும் வெயிலில், லோரிகளுக்கு நடுவே கார் வெகுநேரம் நின்றது. என்ஜின் ஒரு இருமல்கூட இருமவில்லை. நிவேந்திரன் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தான். அவள் முகம் கொஞ்சம் இளகியிருந்தது.

செம்பனைத் தோட்டத்து ரோட்டில் ஒரு உடும்பு குறுக்கே வந்தது.

இத்தனை வருஷம் பழகிய கால் யாரைக் கேட்டு மிதிக்கும்? உடம்பின் மொத்த பலத்தையும் போட்டு மிதித்தது. கார் முதல் மிதியிலேயே, ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டது. பழக்க தோஷத்தில் கால் நின்ற காரை இன்னும் இரண்டு தடவை மிதித்தது. தேங்காய் முன்கண்ணாடியில் இடித்து மடியில் விழுந்தது. விபூதி ஷாந்தினியின் தலையில், குங்குமம் கன்னம் முழுக்க. உடும்பு அவசரமே இல்லாமல் ரோட்டைக் கடந்து போனது. நிவேந்திரனுக்குத் திரும்பிப் பார்க்கவே தைரியம் இல்லை. எல்லாம் போச்சு என்று நினைத்தான்.

அவள் கண்ணில் விழுந்த விபூதியைத் துடைத்தாள். சிதறிய பழங்களைப் பொறுக்கித் தட்டில் வைத்தாள்.

“காடி நல்லாதான் நிக்குது. உங்க காலுதான் இன்னும் பழசு. எறங்குங்க, நான் ஓட்டுறேன்.”

அந்தச் சாவியை அவன் இதுவரை யாரிடமும் கொடுத்ததில்லை. இறங்கி, இடது பக்கம் வந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கியர் இரண்டு தடவை கறகறவென்று முனகியது. பிறகு கார் அவள் பேச்சைக் கேட்டுப் போக ஆரம்பித்தது. மைவியில் பழகிய கால் பிரேக்கைப் பூப்போலத் தொட்டது, காரும் பூப்போல நின்றது. எப்போது நிற்குமோ, எங்கே அணைந்துபோகுமோ என்ற பயம் இல்லாமல் அந்தக் காரில் அவன் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். கடல் தெரிந்தது. பக்கத்தில் பெண்டாட்டி இருந்தாள். எந்தப் பக்கம் என்று கணக்குப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. மனசு நிறைந்து கிடந்தது.

மீன் சுடும் புகை மணத்தது. கடை வந்துவிட்டது, நிறுத்து என்று அவன் கை காட்டினான்.

ஷாந்தினி ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், குங்குமம் அப்பிய முகத்தில் சிரிப்போடு, கடையைத் தாண்டிப் போனாள்.

“பசிச்சா தட்டுல வாழப்பழம் இருக்குல, அத சாப்புடுங்க.”