ஜோடிக்கு ஒரு முகம்

நான் அஞ்சாவது தாண்டாதவன். சங்கராபுரம் பக்கத்தில் இன்றைக்கு ரெண்டு ஜவ்வரிசி ஆலை நடத்துகிறேன் என்றால் அதற்குப் படிப்பா காரணம்? பேரம். சொன்ன விலைக்கு நான் மாடும் வாங்கியதில்லை, மருந்தும் வாங்கியதில்லை.

முகத்தைக் காட்டினால் வருகை பதியும் மிஷினை ஆலை வாசலில் மாட்டியதும் ஜம்பத்துக்குத்தான். அதை எழுதியவள் திருக்கோவிலூர்ப் பெண். கம்பெனி கிடையாது, வீட்டிலிருந்தே சாப்ட்வேர் எழுதும் தனி ஆள். மாசம் ஒரு முகத்துக்கு இவ்வளவு என்று போனில் விலையைக் காட்டினாள்.

"கம்மி பண்ணும்மா."

"எல்லாருக்கும் இதாங்க ஐயா விலை. முகத்தை அடையாளம் பாக்குற சாப்ட்வேரை நானும் ஒரு பெரிய கம்பெனிகிட்ட வாங்கித்தான் சேக்குறேன். அவங்க விலையை எல்லாருக்கும் தெரியத் தொறந்து போட்டிருக்கங்காட்டி என்னை மாதிரி ஒத்தை ஆளு தொழில் பண்ண முடியுது. நானும் தொறந்து போட்டுட்டேன்."

"எனக்கும் பொட்டிக்கடைக்காரனுக்கும் ஒரே விலையா?"

"ஆமாங்க."

சுருக்கென்றது. விலை குறையாவிட்டால் முகத்தைக் குறைப்போம் என்று ஒரு கணக்குப் போட்டேன். கல்வராயன் மலை ஆட்களை நாங்கள் ஜோடியாகத்தான் எடுப்பது. புருஷன் மரவள்ளிக் கிழங்கு மூட்டை தூக்குவான், பெண்டாட்டி தோல் உரிப்பாள். கூலி மொத்தமும் புருஷன் கையில். அதனால் புருஷன் முகம் மட்டும் ஏற்றினால் போதும் என்றேன்.

"அந்தம்மா மட்டும் வந்தா இன்னாங்க பண்ணுவீங்க?"

"ஒத்தை மாடு ஏர் ஓட்டுமா?" என்றேன். பக்கத்தில் நின்ற ஆலை மேஸ்திரி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

போன கிழங்கு சீசனில் ஒருநாள் காலை சம்பந்தி வந்திருந்தார். வாசலிலேயே நிறுத்தி மிஷினைப் பற்றிப் பெருமை அளந்துகொண்டிருந்தேன். "இதை ஏமாத்த முடியாது சம்பந்தி. என் ஆளுங்க அத்தினி பேரையும் இதுக்குத் தெரியும்."

மலை பஸ்ஸிலிருந்து இறங்கி, புருஷன் இல்லாமல் ஒருத்தி மட்டும் வந்தாள். மிஷின் முன்னால் நின்றாள். சிவப்பு விளக்கு. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி நின்றாள். மறுபடியும் சிவப்பு.

"நீ பதிவுல இல்லம்மா. வூட்டுக்குப் போ," என்றார் மேஸ்திரி.

"இங்கதானே நின்னுக்கினு இருக்கேன்? அவரு காய்ச்சல்ல கெடக்குறாரு. இன்னிக்குக் கூலி இல்லாம நான் எப்பிடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போறது?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "இந்த மிஷினு வர்றதுக்கு முன்ன இருந்து இங்க கிழங்கு உரிக்கிறேன். மொதலாளி, ஒங்களுக்குத் தெரியுமில்ல என்னை?"

"தெரியாமயா!"

"யாரு சம்சாரம்?" என்றார் சம்பந்தி, சும்மா பேச்சுக்கு.

அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். ஆண்களை நடையை வைத்தே சொல்லிவிடுவேன். பெண்கள் எனக்குக் கிழங்குக் குவியல் ஓரம் குனிந்த தலைகள். மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

அவள் காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் காத்திருப்பதை விட்டுவிட்டாள். அது எனக்கே தெரிந்தது. சம்பந்தி துண்டை உதறி மறு தோளில் போட்டுக்கொண்டார்.

"இவங்க முகத்தை ஏத்துய்யா," என்றேன். "எல்லாப் பொம்பளைங்களையும் ஏத்து. அந்தத் திருக்கோவிலூர்ப் பொண்ணு சொன்ன விலைக்கே."

மிஷின் முதலில் பேர் கேட்டது. மேஸ்திரி என்னைப் பார்த்தார். பிறகு அவளிடமே, "பேரு இன்னாம்மா?" என்றார்.

எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள். பச்சை விளக்கு எரிந்தது. ஆலைச் சத்தத்தில் பேர் என் காதில் விழவில்லை. திரும்பக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.