இரண்டு சாம்பியன்களுக்கு நடுவே ஒரு தட்டு உப்பு

ஆறேழு வருடம் இருக்கும். தை மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஏற்காட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் என் மகளுக்கு உப்புச் சக்கரை மாற்றுவதற்காக எல்லோரும் கூடியிருந்தோம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் நான் பட்ட பாட்டை நாய்கூடப் பட்டிருக்காது.

உப்புச் சக்கரை என்றால் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வீடுகளில் பேசி முடித்த சம்பந்தத்தை அதை வைத்துத்தான் உறுதி செய்வோம். ஜமக்காளம் விரித்து, பெண்ணின் அப்பாவும் மாப்பிள்ளையின் அப்பாவும் எதிரெதிரே உட்கார்ந்து, உப்பும் சர்க்கரையும் வைத்த தட்டுகளை நல்ல நேரத்துக்குள் மாற்றிக்கொள்வார்கள். மாற்றிவிட்டால் அப்புறம் பேச்சு மாறக் கூடாது. மாற்றாத வரைக்கும் அது வெறும் பேச்சுதான், காற்றோடு போய்விடும்.

அப்படிக் காற்றோடு போன சம்பந்தங்கள் எங்களுக்கு அதற்கு முன்பே இரண்டு உண்டு. ஒன்று ஜாதகத்தில் போனது, இன்னொன்று ஏன் போனது என்று இன்றுவரை தெரியாது. இரண்டுக்கும் என் மகள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஆனால் இந்த மாரமங்கலத்துப் பையனைப் பார்த்துவிட்டு வந்த அன்று, கேட்காமலே பாத்திரம் கழுவி வைத்தாள். எனக்குப் புரிந்துவிட்டது.

இந்தச் சம்பந்தம் வந்த விதம்தான் வேடிக்கை. என் வீட்டுக்காரர் காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். மாப்பிள்ளையின் அப்பா மாரமங்கலத்தில் கொஞ்சம் மிளகும் காபியும் வைத்திருக்கிறார், சொந்தமாக ஜீப்பும் ஓட்டுகிறார். எஸ்டேட்டுக்கு லோடு ஏற்ற வந்தவர் இவரிடம் டீ குடிக்கிற இடத்தில் டி.வி. குஸ்தியைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். கேபிள் வயர் மலையேறி எங்கள் தெருவுக்கு வந்த நாளிலிருந்து அந்த அமெரிக்காக்காரச் சண்டையைப் பார்ப்பவர் என் வீட்டுக்காரர். அதில் பேச ஆள் கிடைத்தால் சோறு வேண்டாம் அவருக்கு. பேச்சு வளர்ந்து, ‘உங்களுக்குப் பொண்ணு இருக்குதுங்களா, எனக்குப் பையன் இருக்கறானுங்க’ என்பதில் வந்து நின்றது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள். இங்கே ஆயிரம் குத்து பேசி ஒரு கல்யாணம்.

ஒரே ஒரு வில்லங்கம். குஸ்தியில் இரண்டு கம்பெனி உண்டாம். ஒன்று பழைய பெரிய கம்பெனி, இன்னொன்று பின்னால் வந்த புதுக் கம்பெனி. என் வீட்டுக்காரர் பழையது. சம்பந்தி புதியது. அது அதன் பாட்டுக்குத் தனித்தனியாக நடந்துகொண்டிருந்தவரை தொல்லையில்லை. எந்த மகராசனுக்குத் தோன்றியதோ, இரண்டு கம்பெனியும் சேர்ந்து ஒரே மேடையில் ஆட்டம் வைப்பதாக அறிவித்துவிட்டார்கள். இந்தக் கம்பெனி சாம்பியனும் அந்தக் கம்பெனி சாம்பியனும் மோதுவார்களாம். இரண்டு ஊர்த் தேரை ஒரே வீதியில் எதிரெதிரே இழுத்து விட்ட மாதிரி. எந்தத் தேர் ஒதுங்கும்?

அது நம் டி.வி.யில் நேரடியாகத் தெரிவது ஞாயிற்றுக்கிழமை விடிகாலையிலிருந்து. நாங்கள் பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த அதே ஞாயிற்றுக்கிழமை. குறித்தபோது இரண்டு ஆண்களுக்கும் இது தெரியாது என்றுதான் இன்றும் சத்தியம் செய்கிறார்கள். நான் நம்பியது போல இருந்துகொள்கிறேன்.

மாரமங்கலத்தார் வேனில் வந்து இறங்கும்போது பனி இன்னும் விலகவில்லை. சம்பந்தியம்மா தட்டுகளோடு உள்ளே வந்தார். சம்பந்தி செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே டி.வி.யைத்தான் பார்த்தார். அதில் என் தம்பி முன்கூட்டியே போனை மாட்டிச் சண்டையை ஓடவிட்டிருந்தான். நல்ல நேரம் ஒன்பது மணி வரை. ‘கடைசிச் சண்டை மட்டும் முடியட்டும், அணைச்சர்றேன்’ என்றார் என் வீட்டுக்காரர்.

ஜமக்காளத்தில் தட்டுகள் காத்திருந்தன. ஆண்கள் எல்லோரும் தட்டுகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் காபி கொடுக்கப் போகும்போதெல்லாம் காதில் விழுந்தது இதுதான்.

“ஏனுங்க சம்பந்தி, உங்காளு இடுப்புல பெல்ட்டு கட்டியிருக்கறது சாம்பியன்னா, இல்ல பேண்ட்டு அவுந்துரும்னா?” இது என் வீட்டுக்காரர்.

“சிரிச்சுக்கங்க. உங்க கம்பெனில பேரன் பேத்தி எடுத்தவனெல்லாம் இன்னும் ஜட்டியோட சுத்தறான். பாக்கற நமக்குத்தானுங்க குளுருது.”

“அனுபவமுங்க அது.”

“அனுபவம் இல்லீங்க, ஆள் பஞ்சம். சண்டை அஞ்சு நிமிசம், மைக்கப் புடிச்சுப் பேசறது அர மணி நேரம். எலெக்சன்ல நிக்க வேண்டியவங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த ஈடு காபி எடுத்துக்கொண்டு போனபோது சிரிப்பு இல்லை. இரண்டு பேரும் தொடையில் கையை ஊன்றி முன்னால் குனிந்திருந்தார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இங்கே கூத்தாடி இரண்டுபட்டதற்கு என் வீடு இரண்டுபட்டுக்கொண்டிருந்தது.

அந்தச் சண்டை முடிந்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு சாம்பியனும் உருண்டு புரண்டு, தவறுதலாகப் பட்ட மாதிரி நடுவர் மேல் விழுந்து, நடுவர் மயக்கம். அமுக்கி வைத்து நடுவர் மூன்று எண்ணினால்தான் ஜெயம். இவன் அவனை அமுக்குகிறான், எண்ண ஆளில்லை. அவன் இவனை அமுக்குகிறான், அப்போதும் ஆளில்லை. அதற்குள் இரண்டு கம்பெனி ஆட்களும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவந்து, யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியாமல், மணியடித்து முடித்துவிட்டார்கள். ஜெயித்தவனும் இல்லை, தோற்றவனும் இல்லை. எந்தக் கம்பெனி தன் ஆளைத் தோற்கவிடும்? எட்டாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கே இது புரிகிறது.

“எங்காளு அமுக்கும்போது நடுவர் முழிச்சிருந்தா அப்பவே ஆட்டம் முடிஞ்சுதுங்க” என்றார் என் வீட்டுக்காரர்.

“அதுக்கு முன்னாடி எங்காளு அமுக்கினானே, அது கண்ணுக்குத் தெரியலீங்களா? நாற்காலி எடுத்துட்டு மொதல்ல வந்தது யாரு? உங்க கம்பெனி. கள்ளாட்டம்.”

“கள்ளாட்டங்கற வார்த்தை வேண்டாமுங்க.”

“தோத்தத ஒத்துக்காதவங்களுக்கு வேற என்ன வார்த்தைங்க சொல்றது? ஆட்டத்துலயே இப்படின்னா, நாளைக்கு இந்த ஊட்டுல பொண்ணெடுத்து…”

பாதியில் நிறுத்திவிட்டார். ஆனால் வந்த பாதியே போதுமானதாக இருந்தது. என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். “அப்ப எடுக்காதீங்க.”

இவர் விறுவிறுவென்று வாசலைத் தாண்டி வெளியே போய், மிளகுக் கொடி ஏற்றியிருந்த சவுக்கு மரத்தடியில் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். சம்பந்தி வேனில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். எள்ளு காய்வது எண்ணெய்க்காக. எலிப்புழுக்கை எதற்காகக் காய்கிறது? அடித்துக்கொண்ட அந்த இரண்டு தடியன்களும் இந்நேரம் ஒன்றாகச் சாப்பிடப் போயிருப்பார்கள்.

என் தம்பி, ‘நான் பேசறேங்க்கா’ என்று கிளம்பினான். போனவன் சும்மா சமாதானம் பேசியிருக்கலாம். இரண்டு பேரையும் கூப்பிட்டு வைத்து, “எல்லாம் முன்கூட்டியே பேசி வச்சுக்கிட்டு ஆடறதுங்க, டூப்பு. இதுக்குப் போயி…” என்றிருக்கிறான். அதுவரை முகம் பார்க்காத இரண்டு பேரும் ஒன்றாகச் சேர்ந்து அவன் மேல் பாய்ந்தார்கள். “மேல இருந்து குதிக்கறது டூப்பாடா? நீ குதி பாக்கலாம்” என்று சம்பந்தி. “நாலு எழுத்துப் படிச்சா எல்லாந் தெரிஞ்சுருமா?” என்று என் வீட்டுக்காரர். அப்பாடா, ஒன்றுசேர்ந்துவிட்டார்கள் என்று நான் வாசற்படியில் நின்று நினைப்பதற்குள், ஒருவர் மரத்தடிக்கும் ஒருவர் வேனுக்கும் திரும்பிவிட்டார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியாகத் தம்பி உள்ளே வந்து உட்கார்ந்தான்.

சமையலறையில் என் மகள் பட்டுப்புடவையோடு, அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். கையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. மாப்பிள்ளைப் பையன்தான். எங்கள் வழக்கத்தில் இதற்கு மாப்பிள்ளை வருவதில்லை, அவன் மாரமங்கலத்தில் இருந்தான். எடுத்து என்ன சொல்வாள்? எடுக்கவில்லை. “மணி என்னாச்சுங்கம்மா?” என்று மட்டும் கேட்டாள். எட்டரையைத் தாண்டியிருந்தது. ஒன்பது போய்விட்டால் அன்றைக்கு இல்லை. இன்னொரு நாள் பார்க்கலாம் என்பார்கள். இன்னொரு நாள் வராது என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

சரி, வழக்கம்போல நாமே போவோம் என்று முடிவு செய்தேன். சம்பந்தியிடம் போய், ‘உங்காளுதானுங்க ஜெயிச்சாரு, எங்கூட்டுக்காரரு வாய மன்னிச்சுக்கங்க’ என்று காலில் விழாத குறையாகச் சொல்லிவிடலாம். முன்வாசலில் போனால் இவர் பார்ப்பார் என்று பின்வாசல் வழியாக இறங்கினேன். எதிரே யாரோ வேகமாக வந்து என் மேல் முட்டினார்கள். சம்பந்தியம்மா.

“எங்கீங்க போறீங்க?” என்றேன்.

“உங்கூட்டுக்காரரைப் பாக்கத்தானுங்க. அவுங்காளுதான் ஜெயிச்சாருன்னு சொல்லிக் கையெடுத்துக் கும்புட்டு உள்ள கூட்டியாரலாம்னு. நீங்க?”

என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. இரண்டு பேருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பனியில், ஈரத் துணி காயப்போட்ட கொடிக்கடியில், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தோம்.

“முப்பது வருசமா இந்த மனுசன் சண்டையில எல்லாம் நாந்தானுங்க விழறது” என்றார் அவர். “விழுந்து விழுந்து இடுப்பே போச்சு.”

“இங்க மட்டும் என்ன வாழுதுங்க” என்றேன்.

பின்வாசலில் என் மகள் வந்து நின்றிருந்தாள். சின்ன வயதில் அப்பாவின் மடியில் உட்கார்ந்து இந்தக் குஸ்தியைப் பார்த்து வளர்ந்தவள். “ரெண்டு பேரும் விழுந்தாலும் ஆட்டம் முடியாதுங்க” என்றாள். சிரித்துக்கொண்டு சொல்லத்தான் பார்த்தாள். ஆனால் உதடு நடுங்கியது.

அதைப் பார்த்ததும் சம்பந்தியம்மாவின் சிரிப்பு நின்றது. அவள் கன்னத்தைத் தடவி, “அழாத கண்ணு, பொட்டு கலஞ்சுரும்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “ஏனுங்க, அவங்க வந்தாத்தான் தட்ட மாத்தோணுமா?” என்றார்.

“பொம்பளைங்க மாத்துனா செல்லுமுங்களா?” என்றேன்.

“உப்பு யாரு கையில இருந்தாலும் கரிக்குதுல்லீங்க” என்றார்.

உள்ளே போனோம். அவர் ஒரு பக்கம் உட்கார்ந்தார், நான் ஒரு பக்கம். வந்திருந்த சொந்தக்காரர்களில் ஓரிருவர், ‘இதென்ன புது வழக்கம்’ என்று முணுமுணுத்தார்கள். யாரும் எழுந்து தடுக்கவில்லை. தடுத்தால் காலைச் சாப்பாடு தள்ளிப்போகும் என்ற கவலையும் இருந்திருக்கலாம். தூக்கும்போது தட்டு சாய்ந்து உப்பு கொஞ்சம் சிந்தியது. சம்பந்தியம்மா தன் உள்ளங்கையை நீட்டி அதை ஏந்திக்கொண்டார். மூன்று முறை மாற்றினோம். என் தம்பி ஓடிப்போய்க் கடிகாரத்தைப் பார்த்து, “நேரம் இருக்குதுங்க” என்றான். அன்று அவன் வாயிலிருந்து வந்த ஒரே உருப்படியான பேச்சு.

என் மகள் சுவரோரம் திரும்பிப் போனை எடுத்தாள். “மாத்தியாச்சுங்க” என்றாள். வைத்துவிட்டுப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள்.

உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டு இரண்டு சாம்பியன்களும் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். தலைமுடியெல்லாம் பனி. முதலில் நுழைவது யார் என்று அதற்கும் ஒரு தயக்கம்.

“என்ன நடக்குது இங்க?” என்றார் என் வீட்டுக்காரர்.

“நடந்து முடிஞ்சுதுங்கப்பா. மூணு எண்ணியாச்சு” என்றாள் மகள்.

சம்பந்தி தன் மனைவியைப் பார்த்தார். “எங்கள ஒரு வார்த்தை கூப்புட்டிருக்கலாமில்ல?”

“நடுவரு மயக்கமா இருந்தாருங்க” என்றார் சம்பந்தியம்மா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அறையே சிரித்தது. அந்த இரண்டு பேரும் மட்டும் சிரிக்கவில்லை. இலை போட்டபோது வேறு இடம் இல்லாததால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று. கேசரி வந்தது. அப்புறம் என் வீட்டுக்காரர் இலையைப் பார்த்தபடியே, “இருந்தாலும் அப்படி முடிச்சிருக்கக் கூடாதுங்க. பாக்கறவன மடையன்னு நெனச்சுட்டான்” என்றார். “நொம்ப மோசமுங்க. இதுக்கா விடியக்காலம் எந்திரிச்சோம்” என்றார் சம்பந்தி. அதற்குப் பிறகு இரண்டு கம்பெனியையும் சேர்த்து வைத்துத் திட்டித் தீர்த்தார்கள். திட்டத் திட்டப் பசி எடுத்து, கேசரியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கரண்டியாலேயே இரண்டு பேர் தலையிலும் ஒன்று வைத்திருப்பேன். நல்ல காரியம் நடந்த வீடு என்று விட்டுவிட்டேன்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. என் மகள் மாரமங்கலத்தில் நன்றாக இருக்கிறாள். அந்தச் சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்பது இன்னும் முடிவாகவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் விசாரணை நடக்கிறது. நானும் சம்பந்தியம்மாவும் அந்த நேரத்தில் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விடுவோம்.

ராகு காலம், எமகண்டம், குளிகை என்று எல்லாவற்றையும் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறார்கள். வீட்டு ஆண்களின் கோபம் எப்போது தணியும் என்பதை மட்டும் யாரும் கணித்துப் போடவில்லை. அது தணியட்டும் என்று தட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தால் பிள்ளைகளின் நல்ல நேரம்தான் போகும் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு எந்த நல்ல காரியத்துக்கும் நான் காத்திருந்ததில்லை.